கேப்டன் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களிலிருந்து ஒரே பொருளில் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன: 1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் மிலிஷியா என்ற ஊர்க்காவல் படையில் இருந்த முன்னோரைத் தேடுவது எப்படி? பெரும்பாலான கேள்விகள் பென்சில்வேனியாவைப் பற்றியவை என்பதால் பதில்களும் அந்த மாநிலத்தை ஒட்டியே இருக்கின்றன.

என் மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். அவள் வழிப் பாட்டன் ஒருவர் வாஷிங்டன் படையில் சேர்ந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்டார் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் அதை எழுத வேண்டுமாம். பாட்டன் பெயரும் லங்காஸ்டர் கவுண்டி (மாவட்டம்) என்பதும்தான் தெரியும். எங்கே தொடங்குவது?
– கோவை வாசகி

'வாஷிங்டன் படை' என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். வாஷிங்டனோடு டெலவேர் ஆற்றைக் கடந்தார், வேலி ஃபோர்ஜ் பனியில் கிடந்தார் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை எண்ணினால் அன்றைய படகுகள் மூழ்கியே போயிருக்கும். (அந்தப் பாட்டனும் வெள்ளைக்காரர்தான். கட்டுரையில் 'பிரிட்டிஷார்' என்று எழுதச் சொல்லுங்கள்.)

போரில் இருந்தவர்கள் இரண்டு வகை. ஓராண்டு, மூன்றாண்டு என்று ஒப்பந்தம் போட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் கான்டினென்டல் ராணுவத்தினர். வயலை உழுதுகொண்டு, கூப்பிட்டபோது துப்பாக்கியோடு போய் இரண்டு மாதத்தில் திரும்பியவர்கள் மிலிஷியாக்காரர்கள். இந்த இரண்டு மாதத்தை 'டூர்' என்பார்கள். பென்சில்வேனியாவில் 1777 மார்ச்சில் வந்த சட்டப்படி 18 முதல் 53 வயது வரையுள்ள, ஆயுதம் ஏந்தக்கூடிய வெள்ளையர் ஆண்கள் எல்லோரும் மிலிஷியாவில் பெயர் பதிய வேண்டும். எனவே லங்காஸ்டரில் பண்ணை வைத்திருந்த பாட்டன் என்றால் அவர் மிலிஷியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேடலைப் பேரனிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். போர்ப் பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து கீழே இறங்கினால், அதே பெயருள்ள யாரோ ஒருவரின் வம்சத்தில் போய் நிற்பீர்கள். பென்சில்வேனியாவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1906-ல்தான். அதற்கு முன்னால் 1893 முதல் கவுண்டிப் பதிவேடு உண்டு. அதற்கும் முன்னால் மக்கள்தொகைக் கணக்கு. 1880 கணக்கில் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது எழுதப்பட்டிருக்கும். 1850-ல் வீட்டில் இருந்த எல்லோர் பெயரும் உண்டு, உறவு இல்லை. 1790 முதல் 1840 வரை தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. சங்கிலி அறுவது பெரும்பாலும் இந்த 1790–1850 இடைவெளியில்தான். அங்கே கைகொடுப்பவை உயில், கிரயப் பத்திரம், ஆர்ஃபன்ஸ் கோர்ட் பதிவு, ஜெர்மன் லுத்தரன் மற்றும் ரிஃபார்ம்டு தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு. ஆர்ஃபன்ஸ் கோர்ட்டை அநாதைகளுக்கானது என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். தகப்பன் இறந்து, தாய் உயிரோடு இருந்தாலும், சொத்து உள்ள சிறுபிள்ளைகளுக்குக் கார்டியன் நியமித்தது அந்தக் கோர்ட்தான். பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக அங்கே கிடைக்கும்.

கவுண்டி எல்லையையும் கவனியுங்கள். பழைய வட ஆற்காட்டுப் பத்திரத்தை ராணிப்பேட்டையில் தேடுகிற கதைதான் அங்கேயும். டாஃபின் கவுண்டி 1785-லும் லெபனான் கவுண்டி 1813-லும் உருவானவை. இன்று லெபனான் கவுண்டியில் இருக்கும் கிராமத்துக்காரர் 1777-ல் லங்காஸ்டர் மிலிஷியாவில் இருந்திருப்பார். அந்தக் காலத்து உயிலும் லங்காஸ்டரில்தான் இருக்கும்.

இவ்வளவும் செய்து பாட்டனின் டவுன்ஷிப் (கவுண்டிக்குள் அடங்கிய ஊர்ப் பிரிவு) எது என்று உறுதியான பிறகு மிலிஷியாப் பட்டியலைத் திறங்கள். மிலிஷியாவின் கம்பெனி என்ற சிறு படைப்பிரிவு ஊர்வாரியாக அமைந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கேப்டனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே கேப்டன் பெயர்தான் விலாசம். 'பென்சில்வேனியா ஆர்க்கைவ்ஸ்' என்று அந்த மாநிலம் அச்சிட்ட தொகுப்பில் ஐந்தாம் வரிசை ஏழாம் தொகுதி லங்காஸ்டர் மிலிஷியாவுக்கு உரியது. மூன்றாம் வரிசை பதினேழாம் தொகுதி அதே கவுண்டியின் வரிப் பட்டியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பெனிப் பட்டியலில் இருக்கும் ஐம்பது, அறுபது பேரில் பெரும்பாலானவர்கள் உங்கள் டவுன்ஷிப்பின் வரிப் பட்டியலிலும் இருந்தால் அது உங்கள் ஊர்க் கம்பெனி. பாட்டன் பெயர் மட்டும் பொருந்தி, மற்ற யாரும் பொருந்தவில்லை என்றால் அவர் வேறு ஆள்.

பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனின் எண்ணை நம்பாதீர்கள். 1780-ல் எண்களை மாற்றினார்கள். 1778-ல் இருந்த இரண்டாம் பட்டாலியனும் 1781-ல் இருந்த இரண்டாம் பட்டாலியனும் வேறு வேறு ஊர்கள்.

மூதாதையர் பெயர் கம்பெனிப் பட்டியலில் கிடைத்துவிட்டது. பெயருக்கு எதிரே 'மூன்றாம் கிளாஸ்' என்று இருக்கிறது. பிராண்டிவைன் போர் நடந்த 1777-ஆம் ஆண்டுப் பட்டியல். அவர் அந்தப் போரில் சண்டையிட்டார் என்று எழுதலாமா?
– எடிசன், நியூஜெர்சி வாசகர்

எழுதக் கூடாது. அந்த 'கிளாஸ்' என்பது தகுதியோ பதவியோ அல்ல, முறை. ஒவ்வொரு கம்பெனியையும் எட்டுக் கிளாஸாகப் பிரித்தார்கள். ஊரில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால் அறுவடையை யார் பார்ப்பது? அதனால் முதல் கிளாஸ் இரண்டு மாதம், அது திரும்பியதும் அடுத்த கிளாஸ் என்று மாற்றி மாற்றி அழைத்தார்கள். நீங்கள் பார்த்த பட்டியல், அழைத்தால் வர வேண்டியவர்களின் பட்டியல். வந்தவர்களின் பட்டியல் வேறு.

அழைப்பு வந்தவர் முன் மூன்று வழி இருந்தது: போவது, தனக்குப் பதில் ஆள் அனுப்புவது, அபராதம் கட்டுவது. மூன்றுக்கும் தனித்தனியாகக் காகிதம் உண்டு. போயிருந்தால் அந்த டூரின் மஸ்டர் ரோலிலோ (வந்தவர்களின் வருகைப் பட்டியல்) சம்பளப் பட்டியலிலோ தேதியோடு பெயர் இருக்கும். போகாமல் இருந்திருந்தால் கவுண்டி லெப்டினென்ட் என்ற அதிகாரியின் அபராதக் கணக்கில் பெயர் இருக்கும். பதில் ஆள் அனுப்பியிருந்தால் சில ரோல்களில் இன்னாருக்குப் பதில் இன்னார் என்று குறித்திருப்பார்கள். தகப்பனுக்குப் பதில் பதினேழு வயது மகன் போனது சகஜம்.

உங்கள் மூதாதையர் பெயர் ஒரு டூரின் மஸ்டர் ரோலில், 1777 செப்டம்பர் 11-ஐ உள்ளடக்கிய தேதிகளில் இருந்தால் பிராண்டிவைனில் இருந்தார் என்று சொல்லலாம். அப்போதும் 'சண்டையிட்டார்' என்பதற்கு யோசியுங்கள். அன்று ஜான் ஆம்ஸ்ட்ராங் தலைமையில் பென்சில்வேனியா மிலிஷியாவை இடது ஓரத்தில் பைல்ஸ் ஃபோர்டு துறையைக் காக்க நிறுத்தியிருந்தார்கள். போரின் கனம் வலது பக்கத்தில் விழுந்தது. மிலிஷியாக்காரர்களின் டூர்களில் பெரும்பகுதி இப்படித்தான்: துறை காப்பது, சாலையில் ரோந்து, லங்காஸ்டரிலும் ரெடிங்கிலும் அடைத்து வைத்திருந்த ஜெர்மானியப் போர்க் கைதிகளுக்குக் காவல். அதை எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆறு மாதமாகத் தேடியும் எங்கள் சம்பந்தி வழி முன்னோருக்கு ஓய்வூதியக் கோப்பு கிடைக்கவில்லை. கவுண்டிப் பதிவில் அவர் மிலிஷியாவில் இருந்தது உறுதி. 1826-ல் இறந்திருக்கிறார். கோப்பு தொலைந்துவிட்டதா?
– டாலஸ் வாசகர்

தொலையவில்லை, பிறக்கவே இல்லை. 1818-ல் வந்த ஓய்வூதியச் சட்டம் கான்டினென்டல் படையில் ஒன்பது மாதம் இருந்த, கையில் வசதி இல்லாதவர்களுக்கு மட்டும். மிலிஷியாக்காரருக்கு வழி திறந்தது 1832 ஜூன் 7-ஆம் தேதிச் சட்டம்தான். உங்களவர் அதற்கு ஆறு ஆண்டு முன்பே போய்விட்டார்.

1832-க்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களிலும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மொத்தச் சேவை ஆறு மாதமாவது இருக்க வேண்டும். ஒரு டூர் இரண்டு மாதம் என்றால் மூன்று டூர் போனவர் உள்ளே, இரண்டு டூர் போனவர் வெளியே. ஆறு மாதம் காட்டிய சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 20 டாலர். இரண்டு ஆண்டு முழுமையாகக் காட்டியவருக்கு 80 டாலர்.

மனைவியை மறந்துவிடாதீர்கள். கணவர் 1826-ல் இறந்திருந்தாலும் மனைவி நெடுநாள் வாழ்ந்திருந்தால் அவர் பெயரில் கோப்பு இருக்கலாம். 1836 சட்டம், கணவரின் சேவை முடிவதற்குள் திருமணம் ஆனவர்களுக்கு. 1838-ல் 1794-க்கு முன் திருமணம் ஆனவர்களுக்கு. 1848-ல் 1800 வரை. 1853-ல் எப்போது திருமணம் ஆகியிருந்தாலும் சரி. கிழவர் இரண்டாம் தாரமாகச் சின்னப் பெண்ணைக் கட்டியிருந்தால் அந்தப் பெண் 1850-களில் விண்ணப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. மறுமணம் செய்து மீண்டும் விதவையானவர் என்றால் பின்னால் வந்த கணவரின் பெயரிலும் தேடுங்கள்.

கோப்பு எண்ணின் முன்னெழுத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 'எஸ்' என்றால் சிப்பாயே வாங்கியது, 'டபிள்யூ' விதவை, 'ஆர்' நிராகரித்தது. 'ஆர்' கோப்புகளைப் பலர் திறப்பதே இல்லை. உண்மையில் நிராகரித்த கோப்பில்தான் கடிதப் போக்குவரத்து அதிகம். ஆறு மாதத்துக்குப் பதினைந்து நாள் குறைந்ததற்காகக் கிழவர் பத்து ஆண்டு மல்லுக்கு நின்றிருப்பார்.

போர்த் துறையின் மூலப் பட்டியல்கள் 1800 நவம்பர் 8-ஆம் தேதித் தீயில் அழிந்தன. இன்று சேவைக் கார்டு என்று இணையத்தில் கிடைப்பவை, தப்பிய ரோல்களையும் பிறகு வாங்கிச் சேர்த்தவற்றையும் பார்த்து ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவை. எனவே கார்டு இல்லை என்பதற்காகச் சேவை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஓய்வூதியக் கோப்பு கிடைத்துவிட்டது. எழுத்து ஒன்றும் புரியவில்லை. எதை முதலில் படிப்பது?
– திருச்சி வாசகர்

முதலில் கோப்பு முழுசா என்று பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிமில் எம்804 என்ற வரிசையில் முழுக் கோப்பு உண்டு. ஏறத்தாழ 80,000 கோப்புகள். எம்805 வரிசையில் பத்துப் பக்கத்துக்கு மேல் உள்ள கோப்புகளிலிருந்து முக்கியம் என்று தோன்றிய சில பக்கங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உங்களிடம் பத்துப் பக்கம் மட்டும் இருந்தால் எம்804-ஐத் தேடுங்கள். காப்பகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

படிக்க வேண்டியது, 1832 அல்லது 1833-ல் கவுண்டிக் கோர்ட்டில் நீதிபதி முன் கொடுத்த வாக்குமூலம். எல்லோரிடமும் ஏழு கேள்வி கேட்டார்கள்: எங்கே, எந்த ஆண்டு பிறந்தாய், வயதுக்கு எழுத்துச் சான்று உண்டா, படைக்குப் போனபோது எங்கே குடியிருந்தாய், பிறகு எங்கெங்கே இருந்தாய், தானாகப் போனாயா, அழைப்பு வந்து போனாயா, யாருக்காவது பதிலாகப் போனாயா, உன்னோடு இருந்த அதிகாரிகள் யார், விடுவிப்புச் சீட்டு உண்டா, உன்னை அறிந்த பாதிரியார், அக்கம்பக்கத்தார் யார். இந்தக் கேள்விகளை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கிறுக்கல் தானாகப் பிரியும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிடும். மூன்றாவது கேள்விக்கான பதில் பொன். போருக்குப் பிறகு வர்ஜீனியா, கென்டக்கி, ஒஹையோ என்று நகர்ந்த பாதையை அவர் வாயாலேயே சொல்லியிருப்பார்.

கையெழுத்தில் தடுக்கும் இடங்கள் சில. இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். ஜே-என்-ஓ என்றால் ஜான், ஜே-ஏ-எஸ் என்றால் ஜேம்ஸ், டபிள்யூ-எம் என்றால் வில்லியம். 'இன்ஸ்ட்' இந்த மாதம், 'அல்ட்' போன மாதம். 1752-க்கு முன் பிறந்தவர் என்றால் காலண்டர் சிக்கலும் உண்டு: அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14, 1751 வரை ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. பிப்ரவரியில் பிறந்தவருக்கு இரண்டு ஆண்டு எழுதியிருந்தால் எழுதியவர் தப்பு செய்யவில்லை.

சொன்னது எழுபது, எண்பது வயதுக் கிழவர். நடந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆண்டு ஒன்றிரண்டு பிசகும், டூர்களின் வரிசை மாறும். கேப்டன் பெயரைப் பெரும்பாலும் மறப்பதில்லை. ஆகவே கேப்டனைப் பிடித்து, அவர் கம்பெனி எப்போது வெளியே போனது என்று ரோலில் பார்த்து, ஆண்டைத் திருத்திக்கொள்ளுங்கள். சாட்சி சொன்ன பக்கத்து ஊர்க்காரர்களின் கோப்புகளையும் எடுங்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்லியிருப்பார்.

விதவைக் கோப்பு என்றால் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். திருமணத்துக்கும் பிள்ளைகள் பிறந்த தேதிக்கும் சான்று கேட்டதால், குடும்ப பைபிளில் பெயர் எழுதிய தாளையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் ஞானஸ்நானத்துக்கு எழுதிவைத்த, பறவையும் பூவும் வரைந்த ஃபிராக்டூர் சான்றிதழ்கள்கூட வாஷிங்டன் கோப்புகளில் கிடக்கின்றன. அனுப்பியவர்கள் திருப்பிக் கேட்டும் பலருக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்குத் துரதிர்ஷ்டம், தேடுகிறவர்களுக்கு அதிர்ஷ்டம்.

ஒரே டவுன்ஷிப்பில் ஒரே பெயரில் மூன்று பேர். ஒருவருக்கு 'ஜூனியர்' என்று போட்டிருக்கிறது. அவர் மற்றவரின் மகன்தானே?
– சென்னை வாசகி

அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. அன்று 'சீனியர்', 'ஜூனியர்' என்றால் அந்த ஊரில் அந்தப் பெயருள்ளவர்களில் மூத்தவர், இளையவர். சித்தப்பனும் அண்ணன் மகனும் ஆகலாம், உறவே இல்லாதவர்களும் ஆகலாம். மூத்தவர் இறந்தால் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியர் ஆகிவிடுவார். ஜெர்மன் பெயர்கள் இன்னும் மோசம். ஷ்மிட் ஸ்மித் ஆவார், ம்யூலர் மில்லர் ஆவார், எழுதுகிற கிளார்க்கைப் பொறுத்தது.

பிரிக்க உதவுவது வரிப் பட்டியல். ஆண்டுதோறும் ஏக்கர், குதிரை, மாடு எல்லாம் எழுதியிருப்பார்கள். 200 ஏக்கர், 3 குதிரை ஒருவர். நிலம் இல்லாத ஒருவர். மூன்றாமவர் 'தனி ஆண்' பட்டியலில். பென்சில்வேனியாவில் திருமணம் ஆகாத, 21 வயது தாண்டிய ஆணுக்குத் தலைவரி தனி. 1776-ல் அந்தப் பட்டியலில் முதல் தடவையாக வருகிறவர் ஏறத்தாழ 1755-ல் பிறந்தவர். 1780-ல் அதிலிருந்து மறைந்து குடும்பஸ்தர் பட்டியலில் வந்தால் இடையில் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஆண்டுவாரியாக ஒரு தாளில் மூவருக்கும் மூன்று பத்தி போட்டு நிரப்புங்கள். பிறகு 53 வயது வரம்பைப் பொருத்திப் பாருங்கள்: 1777-ல் அறுபது வயதானவர் மிலிஷியாப் பட்டியலில் இருக்க மாட்டார். பெரும்பாலும் மூவரில் ஒருவர் இந்தச் சல்லடையிலேயே விழுந்துவிடுவார். மற்ற இருவரைப் பிரிக்க உயிலில் மனைவி பெயரும், பத்திரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் வேண்டும்.

எங்கள் மருமகன் வழி முன்னோர் அபராதம் கட்டியதாகத்தான் ஆவணம் இருக்கிறது. அவர் பிரிட்டிஷ் பக்கமா?
– மதுரை வாசகர்

அபராதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லங்காஸ்டரில் மெனனைட்டுகளும் பென்சில்வேனியா முழுக்கக் குவேக்கர்களும் ஆயுதம் தொடுவதை மதத்தால் மறுத்தவர்கள். மாநிலத்துக்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்கச் சொல்லி 1777 ஜூனில் வந்த சட்டத்தையும் அவர்களில் பலர் ஏற்கவில்லை. உண்மையிலேயே அரசர் பக்கம் நின்றவர் என்றால் சொத்துப் பறிமுதல் பதிவு இருக்கும். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ-ஓ 12, ஏ-ஓ 13 என்ற வரிசைகளில் இழப்பீட்டு மனுவும் இருக்கலாம். கனடாவுக்குக் குடிபோன குடும்பம் என்றால் ஒட்டாவா ஆவணக் காப்பகம்.

பேத்தி பாதி தமிழ். அவள் 'புரட்சியின் புதல்விகள்' சங்கத்தில் சேர முடியுமா?
– ஈரோடு வாசகி

முடியும். தாய் வழியோ தந்தை வழியோ, விடுதலைப் போருக்குச் சேவை செய்த ஒருவரின் நேரடி ரத்த வாரிசாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை; 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களுக்குப் பிள்ளைகள் சங்கம், ஆண்களுக்குப் புதல்வர்கள் சங்கம் தனியாக உண்டு. புதல்விகள் சங்கத்தின் இணையத் தேடலில் இதுவரை ஏற்ற முன்னோர் பெயரெல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். பெயருக்குக் கீழே, இனி வருகிறவர்கள் சேவையைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று குறிப்பு இருந்தால் பழைய விண்ணப்பத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். நூறாண்டுக்கு முன் அச்சடித்த குடும்ப வரலாறுகளை அப்படியே நம்பியதால் வந்த வினை.

தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவது 1777-ல் அல்ல, கடைசித் தலைமுறையில். கல்யாணச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இரண்டும் தலைகீழாக. மூன்றும் ஒரே ஆள் என்று காட்டும் காகிதத்தை விண்ணப்பத்தோடு முதலிலேயே வையுங்கள். பேத்தியின் தமிழ் வழி முன்னோருக்கு ஆவணம் எதுவும் தேவையில்லை.

அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை எங்கள் ஊரில் நடந்தது என்கிறார்களே, உண்மையா?
– கடலூர் வாசகர்

அமெரிக்கர் யாரும் இல்லாத சண்டை, ஆனால் அதே போரின் பகுதிதான். பிரான்ஸ் அமெரிக்காவோடு சேர்ந்ததால் பிரிட்டனும் பிரான்சும் இங்கேயும் மோதின. 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் பூர்வாங்க ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது, செய்தி ஜூன் கடைசியில்தான் இங்கே வந்தது. பிலடெல்பியாக்காரர்கள் 1782-ல் தங்கள் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்து, ஏப்ரல் 8-ல் டெலவேர் விரிகுடாவில் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார்கள். கடலூரில் நின்றவர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அமெரிக்கக் காப்பகத்தில் ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குப் போங்கள்.

ஓய்வூதியம் வாங்கியவர் எப்போது இறந்தார் என்று கோப்பில் இல்லை. கல்லறையும் தெரியவில்லை.
– சிகாகோ வாசகர்

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டி718 என்ற வரிசையில் 1818 முதல் 1872 வரையிலான பட்டுவாடாப் பேரேடு உண்டு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஆண்டுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்துக் கட்டத்தில் குறித்தார்கள். குறி நின்ற இடத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ இறப்பு. சில வரிகளில் இறந்த தேதியையே எழுதியிருப்பார்கள். பிறகு கடைசிப் பட்டுவாடா வவுச்சரைக் கேளுங்கள். பாக்கியை வாங்க வந்த மனைவி அல்லது பிள்ளைகள் பெயரும் இறந்த நாளும் அதில் வரும். குறி திடீரென்று நின்று, பக்கத்தில் வேறு மாநிலத்தின் பெயர் இருந்தால் அவர் சாகவில்லை, மகன் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார். அந்த மாநிலத்துப் பக்கத்தில் தொடருங்கள். 1840 மக்கள்தொகைக் கணக்கில் ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் பெயரையும் வயதையும் தனியாக எழுதினார்கள். யார் வீட்டில் இருந்தார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.